குடல் நரம்புப் பாட்டு

கப்பலில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஊருக்கு வருகிறார் என்றால் எங்கள் தெருவில் அவருக்காகக் காத்திருந்தவர்களைவிட அவர் பெட்டிக்காகக் காத்திருந்தவர்களே அதிகம். அதில் நான் முதல் ஆள் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. வெட்கப்படும் வயது வந்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் எழும் வாசனை, சோப்பும் சாக்லேட்டும் ஏதோ தூரதேசத்து மழையும் கலந்த வாசனை, இரண்டு நாளைக்கு வீட்டில் நிற்கும். அந்த வருடம் வாசனை மட்டும் வந்தது, சோப்பு வரவில்லை. சட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன சிடி பிளேயரும், தடித்த அட்டைப்பெட்டி நிறைய சிடிகளும், ஒரு சென்ட் பாட்டிலும் இருந்தன.

“ஏலே, சோப்பு எங்கலே?” என்று அம்மா பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவினாள்.

“எடம் இல்லக்கா. பாட்டு வாங்கிட்டேன்.”

லிஸ்பனில் கப்பல் நின்றிருந்த ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய கடையில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். மழை விட்ட பிறகும் மாமா வெளியே வரவில்லையாம். நம் பாட்டன் பூட்டன்மார் ஞானஸ்நானம் வாங்கிய காலத்தில் அங்கிருந்து கப்பல் ஏறி வந்த சாமிமார்கள் சொந்த ஊரில் கேட்ட இசை இது என்று அவர் விளக்கினார். அந்தக் காலத்துப் பாட்டை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றார்.

“அந்தக் காலத்துல ரெக்கார்டு பண்ண மிஷின் ஏதுலே?”

“வாசிக்கது இப்பம் உள்ள ஆளுதான்க்கா. வாத்தியம்தான் பழசு. பழசு கெடைக்கலன்னா பழசு மாதிரியே புதுசு செஞ்சுக்கிடுவான்.”

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிபடவில்லை. “இங்கன பழசத் தூக்கிப்போட எடம் இல்லாம கெடக்கோம். புதுச எதுக்குப் பழசாக்கணும்?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மாமா முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருந்தால் அன்றிரவு அவருக்குச் சோறு கிடைத்திருக்காது.

அந்தச் சிடிகளுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ரசிகர் அப்பாதான். அவருக்கு வேறு வழியும் இல்லை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பங்குச்சாமி வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார், தெருவே வந்து முழந்தாள் போட்டு ஜெபித்துவிட்டுப் போனது. சாகிறவர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் அந்த எண்ணெயைப் பூசிய பிறகு அப்பா கொஞ்சம் தேறி கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். ஊருக்கு அது லேசான ஏமாற்றம் என்று சொன்னால் பாவம். ஆனால் எந்த நாளும் செய்தி வரும் என்று எல்லோரும் ஒரு காதை எங்கள் வீட்டுப் பக்கமே வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்குச் சாவைப் பற்றி அவ்வளவு பயமில்லை. அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். பெரியப்பா வந்து பார்க்கவில்லை.

பெரியப்பா அப்பாவின் சொந்த அண்ணன். வீடு தூரமில்லை, எங்கள் தெருவின் கடைக்கோடிதான். இருவரும் சேர்ந்து ஒரு வள்ளம் வைத்து மீன் பிடித்தார்கள். ஒரு திருவிழாவுக்கு முன்னால் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, முகப்பில் இருந்த அந்தோனியார் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லிவிட்டார் அப்பா. ஆசைதான், வேறென்ன. பெரியப்பா கரைக்கு வந்து பார்த்தார். அந்தோனியாரை ஒரு பொட்டப்பிள்ளைக்காக இறக்கிவிட்டதாகச் சண்டை தொடங்கியது. பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருந்தால் அவரே தூரிகையைப் பிடித்திருப்பார் என்று பிற்பாடு அம்மா சொல்வாள். சண்டை முற்றி, கோயில் முற்றத்துக் கொடிமரத்தைத் தொட்டு, “இனிமே ஒன் சாவுக்குத்தான்லே ஒன் வாசல மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டார் பெரியப்பா. எங்கள் கரையில் யாரும் வேறு எதை மீறினாலும் கொடிமரத்தைத் தொட்டுச் சொன்னதை மீறமாட்டார்கள். மறுநாளும் அதே கடலுக்குத்தானே போகவேண்டும்.

அதிலிருந்து எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பெரியப்பாவின் கழுத்து கடல் பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்பா படுத்த பிறகு அம்மா ஆள்மேல் ஆள் விட்டுப் பார்த்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று பதில் வந்தது. அப்பா கோபப்படவில்லை. “அண்ணன் வராது. கொடிமரத்தத் தொட்டுட்டு, பாவம், அது என்ன செய்யும்” என்பார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு அந்தச் சுவர்மேல்தான் கோபம் வரும்.

பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானங்களில் அப்பாவின் அறையில் நாங்கள் மூன்று பேர் இருப்போம். அப்பா கட்டிலில், மாமா பாயில், நான் கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில். ஸ்டூல்மேல் பிளேயர். சன்னல் வழியாக உப்புக்காற்று வரும். துறைமுகத்துக் கப்பல் எப்போதாவது ஊதும். மாமா சிடிகளோடு வந்த படப்புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு வாத்தியமாகக் காட்டுவார். முதல் படத்து வாத்தியத்துக்குப் பாதியாகப் பிளந்த பலாக்கொட்டை போல வயிறு. அதன் கழுத்து பின்பக்கம் முறிந்து மடங்கியிருந்தது. “ஒடைஞ்சு போச்சுல்லா, அதையும் விடாம வாசிக்கானா?” என்றார் அப்பா. செய்யும்போதே அப்படித்தான் என்றார் மாமா. அடுத்த படத்தில் ஒரு மேசை நீளத்துக்கு மரப்பெட்டி. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு இறகின் தண்டு எழும்பி நரம்பைச் சுண்டும். காக்கை இறகுதான் அதற்கு உசத்தியாம். மாமா இதைச் சொன்ன நாள் முதல் எங்கள் கொல்லைக் காக்கைகளை நான் மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்பாவுக்குப் பிடித்தது முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி வில்லால் இழுக்கும் ஒரு வாத்தியம். அதன் நரம்புகள் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்தவை.

“தங்கூசி கெடையாதா மாப்ள?” தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பைத்தான் அப்பா கேட்டார்.

“தங்கூசி வாரதுக்கு முன்னால உள்ள பாட்டு அத்தான் இது.”

“கொடல் ஈரக்காத்துக்குத் தொவளுமே.”

“தொவளும். ஒரு பாட்டு முடிஞ்சதும் முறுக்கி முறுக்கிச் சுருதி சேத்துக்கிட்டே இருக்கணும். அதான் வெளிநாட்டுக்காரனே இத விட்டுட்டு இரும்புக் கம்பிக்குப் போயிட்டான். இவங்க திரும்பவும் கொடலுக்கு வந்திருக்காங்க.”

அந்தப் பதிவுகளில் எல்லாம் கேட்டது. மரம் லேசாக முனகுவது, யாரோ நாற்காலியில் அசைந்து உட்கார்வது, வில் நரம்பைத் தொடும் முன்னால் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுப்பது. அப்பா அந்த மூச்சுக்காகக் காத்திருப்பார். அது வந்ததும், “இவனும் என்ன மாதிரிதான், மூச்சுக்குக் கெடந்து அலையுதான்” என்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். நானும் மூடிக்கொள்வேன். பாதித் தூக்கத்தில் அறை மெல்ல அசையத் தொடங்கும். கட்டிலின் நிழல் நீலமாகும். எங்கோ மரத்தால் ஆன பெரிய இருட்டறைக்குள் மெழுகுவர்த்திகள் எரிவதும், முகம் தெரியாத மனிதர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். அந்த அறைக்கு வெளியே எங்கள் கடல்தான் இருந்தது. எனக்கு வேறு கடல் தெரியாது. விழிக்கும்போது அப்பாவின் கை கட்டிலிலிருந்து தொங்கி என் முடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான மத்தியானங்கள் பிறகு வரவில்லை.

ஒரு பாட்டு மட்டும் வேறு மாதிரி. ஒற்றை வில் வாத்தியம். மிக மெதுவாகக் கீழே கீழே இறங்கும், நின்றுவிட்டதோ என்று நினைக்கையில் இன்னொரு படி இறங்கும். தன் வாத்தியார் செத்துப்போன துக்கத்தில் ஒரு சீடன் கட்டிய பாட்டு என்று மாமா புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார்.

“செத்தவங்களா மாமா வாசிக்காங்க?” என்று கேட்டேன்.

“செத்தவங்க கட்டுன பாட்டு. உயிரோட இருக்கவங்க வாசிக்காங்க.”

“அப்பம் உயிரோட இருந்துக்கிட்டே செத்தவங்க மாதிரி நடிக்காங்களா?”

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மாமா எழுந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. இருமல் அடங்கிய பிறகு அப்பா அந்தப் பாட்டை இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, “மாப்ள, இந்தப் பாட்டக் கோயில் கொழாய்ல போட்டா தெருக் கடேசி வரைக்கும் கேக்குமா?” என்று கேட்டார்.

“கடக்கரைக்கே கேக்கும் அத்தான்.”

அவ்வளவு நல்ல பாட்டை நாம் மட்டும் கேட்டால் போதுமா, ஊரும் கேட்கட்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு எவ்வளவு தாராள மனசு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஊரில் எல்லா ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். பங்குச்சாமி பக்கத்து ஊர் சிற்றாலயத்தில் பூசை வைக்கப் போயிருந்தார். மணியடிப்பதும் மைக் போடுவதும் கோயில்பிள்ளையின் வேலை. மாமாவின் பெட்டியில் வந்த அந்த சென்ட் கோயில்பிள்ளையின் சட்டையில் மணத்தது. அன்று காலையில் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு முகம் சிரைத்துவிடச் சொன்னார். வெள்ளைச் சட்டை கேட்டார். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தாள்.

வெயில் தணிந்தபோது கோபுரத்துக் குழாய் கரகரத்தது. முதலில் அந்த மூச்சு. பிறகு பாட்டு இறங்கத் தொடங்கியது. ஆட்டுக்குடலைத் திரித்து, பழங்கால மரத்தை இழைத்து, அணு பிசகாமல் அவர்கள் பதிவு செய்த நாதம் எங்கள் ஊர்த் தகரக் குழாய் வழியாக வந்ததும் மூக்கடைத்த அழுகையாகிவிட்டது. தெருமேலேயும் கூரைகள்மேலேயும் அது நீளமாகப் படர்ந்தது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். எங்கள் ஊரில் கோயில் குழாய் இப்படி அழுதால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். யாருக்கு என்று விசாரிக்கும் வேலையும் யாருக்கும் இருக்கவில்லை.

முக்காடிட்ட பெண்கள்தான் முதலில் வந்தார்கள். எதிர்வீட்டு மாமி வாசலிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, “எஞ் சாமி, போயிட்டியே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கொல்லையிலிருந்து ஓடிவந்த அம்மா முற்றம் நிறைய அழுகையைப் பார்த்துத் தன் புருஷன் போய்விட்டான் என்றே நம்பி ஓலமிட்டபடி அறைக்குள் ஓடினாள். அப்பா தலையணையில் சாய்ந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் கை நெஞ்சுக்கும் காற்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

“வாங்க. இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றார் அப்பா.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழ வந்தவர்கள் சிரிப்பதா, திட்டுவதா, ஜெபிப்பதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் அவிழ்த்த முடியை உடனே முடிந்துகொள்ள மாமிக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தார். மூச்சு வாங்கியது. பாட்டு அதன் கடைசிப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் ஏதோ நடக்கவேண்டும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

முற்றத்தில் பேச்சு நின்றது. கூட்டம் விலகியது. பெரியப்பா வந்துகொண்டிருந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு ஓலைப்பெட்டியோடு. வாசற்படிக்கு முன்னால் நின்றார். பெட்டியை முற்றத்துச் சுவரோரம் வைத்தார். படியைப் பார்த்தார். பிறகு மிதித்து உள்ளே வந்தார்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“வந்துட்டியாண்ணே” என்றார் அப்பா.

“சாவுக்குத்தான் வருவேன்னேன். கொழாய்ல கேட்டுச்சு, வந்துட்டேன்.” பெரியப்பாவின் குரல் முரடாக இருந்தது. “நீ சாவாததுக்கு நான் என்னலே செய்ய முடியும்?”

சொல்லி முடித்ததும் அவர் வாய் கோணியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் நடுவில், குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவும் அழுதார். “தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்லா” என்று சொல்லி, வந்த வேலை வீணாகாமல் மாமியும் சேர்ந்து அழுதாள். குழாயில் பாட்டு நின்று வெறும் இரைச்சல் கேட்டது.

பங்குச்சாமி திரும்பி வந்ததும் மாமாவைக் கூப்பிட்டு விளாசினார். “தப்பான பாட்டு விழுந்துட்டு சாமி” என்று மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுப்பாட்டு போட்டவன் என்று ஊர் அவரைக் கேலி செய்தது. விடுமுறை முடிந்து கப்பலுக்குப் போகும்வரை அவர் சிரித்தபடியே அதைச் சுமந்தார். மாமா ஏன் பாட்டின் எண்ணைச் சரியாகப் பார்த்து அழுத்தவில்லை என்று எனக்கு அவர்மேல் வருத்தம். அழுத்த வேண்டிய எண்ணைத்தான் அழுத்தினார் என்பதையும், அதைப் பொறுக்கிக் கொடுத்தவர் அப்பா என்பதையும் நான் புரிந்துகொள்ளச் சில வருடங்கள் பிடித்தன. அப்படியும் பெரியப்பா ஏமாந்து வந்தார் என்றுதான் நினைத்தேன். அவரை எப்படி ஏமாற்றினார்கள் பார் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்று முதல் பெரியப்பா தினமும் மத்தியானம் வந்தார். நான்காவது ஆளாக உட்கார்ந்து, ஆட்டுக்குடலைக் குழம்பு வைக்காமல் இப்படி அறுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று குறைபட்டுக்கொண்டே ஒரு சிடி விடாமல் கேட்டார். அடுத்த திருவிழாக் கொடி இறங்கிய பிறகுதான் அப்பா போனார். அந்த முறை குழாயில் எந்தப் பாட்டும் போடவேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. யார் வீட்டிலிருந்தோ காப்பி வந்தது.

அதற்கும் பல வருடங்கள் கழித்து, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, சாவு வீடு ஒன்றுக்குக் கிளம்பியபோது சாவு வீட்டுக்குள் மீன் கொண்டுபோகக்கூடாது, சந்தைப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போ என்று அம்மா சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்ததும் அம்மா முற்றத்திலிருந்த ஓலைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஐஸ் வைத்துப் பொதிந்த பால்சுறா இருந்தது. நோயில் கிடந்தவர்களுக்கு உடம்பு தேற எங்கள் பக்கம் அதைத்தான் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கரையில் மீன் ஏது? முந்தின நாளே அவர் அதை எடுத்து வைத்திருக்க வேண்டும். தம்பி செத்துப்போனான் என்று நம்பிய எந்த மனிதன் அவன் உடம்பு தேறுவதற்கு மீன் தூக்கிக்கொண்டு வருவான்?

அன்று அம்மா ஓலைப்பெட்டியையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மஞ்சள் போட்டு அவித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் புட்டு வைத்தாள். அப்பா ஒரு பிடி சாப்பிட்டார். பெரியப்பா அதே தட்டில் கை வைத்தார். நான் என் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் புட்டு வேண்டும் என்று கேட்டேன்.